பன்னிரண்டாவது ரப்பர் கொட்டை

அந்த மெஷினை வாங்கியவன் நான். அதன் விளக்கை மாற்றியவனும் நான். கடைசியில் வந்து கதவைத் தட்டியவனும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பேனா பிடிக்காத இடது கை, வழக்கம்போல, மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அப்போது நான் சுங்கை பட்டாணிக்கு ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. ஒரே வாத்தியார், ஒரே கட்டடம், முப்பது சொச்சம் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே எங்கள் வீடு. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. முன்னால் ஒரு கூடம், பின்னால் தனிக் கதவோடு ஓர் அறை. நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும். எங்களுக்கு ஒரே பிள்ளை.

சுங்கை பட்டாணியில் ஒரு பாய் கடையில் அது கிடந்தது. ஊருக்குக் கப்பலேறிய ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களோடு வந்ததாம். குழந்தைகள் வீட்டில் படம் ஓட்டி விளையாடுவதற்கென்றே செய்த சினிமா மெஷின். ஒரு முழ உயரம்கூட இருக்காது. கறுப்புத் தகரம், முன்னால் பித்தளைக் குழலில் கண்ணாடி, பக்கத்தில் சுற்றுவதற்குக் கைப்பிடி, பின்னால் விளக்கு வைக்கக் கூண்டு, அதன் தலையில் சின்னப் புகைபோக்கி. கூடவே ஒரு துண்டு பிலிம், இரண்டு முனையும் ஒட்டி வளையமாக இருந்தது. ஓர் ஆள் நாற்காலியில் உட்காரப் போவான். நாய் வந்து நாற்காலியை இழுத்துவிடும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அவன் விழுந்துகொண்டே இருப்பான்.

"வாத்தியாரே, இதைப் பொம்மைன்னு நினைக்காதீங்க," என்றார் கடைக்காரர். "சினிமாக் கொட்டகையில ஓட்டுற அதே பிலிம் இதுலயும் ஓடும். வாங்கிட்டுப் போங்க. உங்க பாப்பா அப்புறம் சோறே திங்க மாட்டா, பாருங்க."

அவர் சொன்னது பாதி பலித்தது. மகள் சோறு தின்றாள், ஆனால் ஒரு கையால் சுற்றிக்கொண்டே. ஒரு வாரத்துக்குள் நாய் நாற்காலியை எத்தனை தரம் இழுத்தது என்று எனக்கே அலுத்துவிட்டது. டவுன் கொட்டகையில் மெஷின் ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர். ஊரிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதிக் கொடுப்பேன். அவரிடம் கேட்டேன். அறுந்துபோய் வெட்டி எறிந்த துண்டுகளையெல்லாம் சுருட்டி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தார்.

"பீடி கீடி குடிக்கிற வழக்கம் உண்டா வாத்தியாரே?"

"இல்லையே."

"நல்லதாப் போச்சு. இது பிலிம் இல்ல, வெடிமருந்து. ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் பண்ணாது. விளக்குக்கு முன்னால நின்னுச்சு, போச்சு. எங்க மெஷின் ரூமுக்கு மட்டும் ஏன் செங்கல் சுவர் வச்சிருக்கான்னு நினைக்கிறீங்க?"

"நம்ம வீட்ல பலகைதான்," என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மெஷினோடு வந்த மண்ணெண்ணெய் விளக்கு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி. திரையாகச் சுவரில் கட்டிய வேட்டியில் ஆட்கள் எல்லாரும் புகைக்குள் நடமாடுவது போலத் தெரிவார்கள். எனக்குத் திருப்தியில்லை. என் சைக்கிளில் கார்பைட் விளக்கு இருந்தது. அடியில் கார்பைட் கல், மேலே தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கினால் பூண்டு வாடையோடு வாயு வந்து வெள்ளை வெளேரென்று எரியும். இருட்டில் டவுனிலிருந்து திரும்பும்போது ரப்பர் மரங்கள் இரண்டு வரிசை தூரம்வரை தெரியும். அதைக் கழற்றிக் கூண்டுக்குள் வைத்துப் பார்த்தேன். வேட்டியில் இருந்த ஆளின் மீசை மயிரை எண்ணலாம் போலிருந்தது. மகள் கைதட்டினாள். அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் அதை அப்படியே விட்டுவைத்தேன் என்று இப்போது படுகிறது.

ஒரு நாள் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது தும்மல் வந்து கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். வேட்டியில் இருந்த பெண்ணின் முகத்தில் பழுப்பாக ஒரு கொப்புளம் எழும்பி விரிந்தது. சட்டென்று சுற்றிவிட்டேன். கருகிய இடத்தைக் கத்தரியால் வெட்டி ஒட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் இரண்டு விஷயம் சொன்னேன்: சுற்ற ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, நான் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. காரணம் சொல்லவில்லை. பயந்துவிடுவாளோ என்று.

பிறகு அது ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின் அறையின் ஒரே ஜன்னலைக் கோணிச் சாக்கால் அடைப்போம். கதவைச் சாத்தி உள்ளே கட்டை போட்டுவிட்டால் பட்டப்பகலில் நல்ல இருட்டு. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பிள்ளைகள் வந்து குவிவார்கள். டிக்கெட் என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. இது என் மகளின் ஏற்பாடு. மரத்திலிருந்து வெடித்து விழும் கொட்டைகள் தோட்டம் முழுக்கக் கிடக்கும். ஆனால் அவள் விரிசல் விட்டதை வாங்க மாட்டாள், சொத்தையை வாங்க மாட்டாள். வாசலில் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்காருவாள். கொட்டை மங்கில் விழுந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். அத்தனை பேரும் வந்தபின் மங்கை எடுத்துக்கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். மங்கில் எத்தனை கொட்டையோ உள்ளே அத்தனை தலை.

இந்த இடத்தில் என்னுடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அன்று நடந்தது புரியாது.

தோட்டத்தில் பெரிய பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் வருவதில்லை. தாய் தகப்பன் பால் வெட்டப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். ஆனால் தலைக்கணக்கு குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு நடக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் வராத பிள்ளைக்கும் வந்ததாகக் கோடு போடுவேன். வந்தால் கோடு, வராவிட்டால் சுழி. என் ரிஜிஸ்டரில் சுழியே அபூர்வம். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். "குழந்தைய நீ பாரு, வாத்தியார் ஆஜர் போட்டுருவாரு," என்று தாய்மார்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன். என் மேசைக்கு நேர் எதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் மகள் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் பாதிப் பேர் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தார்கள். என் மனைவியும் போயிருந்தாள். மகள் வாசலில் மங்கோடு உட்கார்ந்துவிட்டாள். நான் பிலிம் துண்டுகளை ஒட்டி முடித்து, விளக்கில் கார்பைட் போட்டு வைத்த சமயம், கீழ் லயத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஊரிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டும், வீட்டில் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றார்.

"பத்து நிமிஷம்," என்று மகளிடம் சொன்னேன். "நான் வந்து உட்கார்ந்த பிறகுதான். நான் இல்லாம ஆரம்பிக்கக் கூடாது."

"சரிப்பா."

"என்ன சொன்னேன்?"

"நீங்க இல்லாம ஆரம்பிக்கக் கூடாது."

கடிதத்தில் ஒரு சாவுச் செய்தி இருந்தது. பெரியவரின் தம்பி. ஒரே கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். அழுகிறவர்கள் நடுவிலிருந்து எழுந்து வர முடியவில்லை. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போது வாசலில் மகள் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சாக்கின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. உள்ளே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அதற்கு அடியில் கடகடவென்று கைப்பிடி சுற்றும் சத்தம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொன்ன சொல் கேட்கவில்லையே என்ற வெறும் வாத்தியார்க் கோபம். முஷ்டியால் கதவில் குத்தினேன்.

"கதவைத் திற!"

சிரிப்பு நின்றது. கடகடச் சத்தமும் நின்றது.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. 'நிறுத்தாதே, சுத்து' என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வாய் திறந்தேனா என்றுகூட ஞாபகமில்லை. கட்டையை எடுக்க ஓடி வரும் சின்னக் காலடிகள் கேட்டன. கட்டை தூக்கும் சத்தம். அதற்குப் பின்னால், ஈரத் துணியை நீளமாகக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம்.

கதவு திறந்ததும் மகள் என்மேல் வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் அறை மஞ்சளாக இருந்தது. மெஷினில் பிடித்த தீ பிஸ்கட் டின்னுக்குத் தாவி, டின் சீறிக்கொண்டு எரிந்தது. பிள்ளைகள் என் காலுக்கு இடையிலும் இடுப்பின் இரு பக்கமும் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்புறம் புகை வந்தது. விறகுப் புகை மாதிரி இல்லை. பழுப்பாக, கனமாக, தொண்டையைக் கவ்வுகிற புகை.

மகளை முற்றத்தில் உட்கார வைத்தேன். பின்னலின் நுனி பொசுங்கியிருந்தது. மங்கை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். இருமினாள், கண் நீர் கொட்டியது, பேச்சு வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் பிள்ளைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று.

"எத்தனை பேர் இருந்தீங்க?"

யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரிய பெண் மட்டும் சொன்னாள்: "மங்குல பாருங்க சார். ஆளுக்கு ஒண்ணு."

மகள் கையிலிருந்து மங்கைப் பிடுங்கி மண்ணில் கொட்டினேன். பன்னிரண்டு கொட்டைகள். மகள் டிக்கெட் வாங்குகிறவள். அவள் தனக்குப் போட்டுக்கொள்வதில்லை. அப்படியானால் பன்னிரண்டு பேர். வெளியே பதினொன்று.

லயத்திலிருந்து ஆட்கள் மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். கூரைக்குத் தீ ஏறாமல், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் ஏணி வைத்து அத்தாப்பைப் பிய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என் சின்னவ எங்க? வாத்தியாரே, உங்க வீட்டுக்குத்தானே படம் பாக்கப் போறேன்னு வந்தா? எங்க என் சின்னவ?"

ஐந்து வயசுப் பிள்ளை. என் வகுப்பில்கூட இல்லை. சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கண் திறக்க முடியவில்லை. தரையோடு தரையாகத் தவழ்ந்து கையால் தடவினேன். பாய், பலகை, யாரோ விட்ட துண்டு. கட்டிலுக்கு அடியில் கை நீட்டினேன். பிள்ளைகள் பயந்தால் கட்டிலுக்கு அடியில்தான் போவார்கள். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பும்போது இடது கையை முழுதாகப் பிஸ்கட் டின்மேல் ஊன்றிவிட்டேன். தோல் அதிலேயே நின்றுவிட்டது. அப்போது வலிக்கவில்லை.

வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு இரண்டாம் முறை போனேன். அலமாரிக்குப் பின்னால் தேடினேன். தண்டல் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"உள்ள யாரும் இல்ல வாத்தியாரே! நானும் ஜன்னல் வழியாப் பாத்துட்டேன்!"

"பன்னிரண்டு கொட்டை இருக்கு!"

"கொட்டை என்னங்க கொட்டை, உங்க கையைப் பாருங்க!"

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலிருந்து சின்னவள் நடந்து வந்தாள். முகமெல்லாம் அழுத கோலம். ஆனால் அது பழைய அழுகை, காய்ந்துபோனது. தாய் ஓடிப்போய் முதுகில் ஓர் அறை வைத்தாள், பிறகு தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்கடி போன?"

"அக்கா என்னை உள்ள விடல. என் கொட்டை விரிஞ்சிருந்துச்சாம். வேற தேடப் போனேன்."

சுற்றி நின்றவர்களுக்கு உயிர் வந்தது. ஒருத்தர் தோளை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் மண்ணில் கிடந்த கொட்டைகளை மறுபடி எண்ணினேன். சின்னவள் உள்ளேயே போகவில்லை. அவள் கொட்டை மங்கில் இல்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு அப்படியே இருக்கிறது.

முற்றத்தில் நின்று பள்ளிக்கூடப் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். முப்பது சொச்சம் பெயரும் எனக்கு மனப்பாடம். பெரும்பாலான பெயர்களுக்கு யாராவது "ஆத்துக்குப் போயிருக்கா", "வீட்ல தூங்குறான்", "இங்க இருக்கு சார்" என்று சொன்னார்கள். ஏழெட்டுப் பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் படம் பார்க்க வருகிறவர்களா? கடைசியாக அவர்களை நான் எப்போது பார்த்தேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். முகங்கள் வரவில்லை. என் ரிஜிஸ்டரில் அவர்கள் எல்லாரும் தினமும் வந்திருந்தார்கள். கோடு கோடாக, வரிசையாக, அதுதான் கண்ணுக்குள் வந்தது. யார் உண்மையில் வருகிறவன், யார் வராதவள் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

சாக்கை மறுபடி தண்ணீரில் முக்கினேன். தண்டலும் இன்னொருவரும் என் இரண்டு தோளையும் பிடித்தார்கள். திமிறினேன். அவர்களைக் கெட்ட வார்த்தையால்கூடத் திட்டினேன் என்று பிறகு சொன்னார்கள்.

அப்போதுதான் மகள் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரல் காற்றாக வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அது உங்களோடதுப்பா."

"எது?"

"பன்னிரண்டாவது. நீங்க இல்லாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ரொம்ப நேரமா வரல. எல்லாரும் அக்கா படம் போடு, அக்கா படம் போடுன்னாங்க. அதான் உங்களுக்கும் ஒரு கொட்டை போட்டேன்." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னாள்: "ஆஜர் போட்டேன்பா. நீங்க போடுவீங்கல்ல, அந்த மாதிரி."

பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. பிறகு தண்டல் என் தோளை விட்டுவிட்டுச் சிரித்தார். கெட்ட மனசில் இல்லை. பயம் தெளிந்த சிரிப்பு.

"சரியாப் போச்சு. வாத்தியாரைத் தேடி வாத்தியாரே ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்திருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டிக் கிடந்த கொட்டைகள் காலில் குத்தின. அப்போதுதான் கை வலிக்க ஆரம்பித்தது.

அறையும் பாதிக் கூரையும் போயின. மெஷின் உருகவில்லை, ஆனால் கண்ணாடி வெடித்துவிட்டது. ஆற்றிலிருந்து திரும்பிய என் மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் எங்கோ புதைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மகள் இப்போது ஜித்ராவில் இருக்கிறாள். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள். போன மாதம் போயிருந்தபோது இதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நாய் நாற்காலியை இழுத்தது ஞாபகம் இருக்கிறது என்றாள். "நெருப்பு?" "கொஞ்சம்பா. நீங்க பேர் கூப்பிட்டது ஞாபகம் இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். அவள் பிள்ளைகளோடு பாசாருக்குச் சாமான் வாங்கப் போனாலும் பஸ் ஏறினாலும் நான் இரண்டிரண்டு தரம் எண்ணுகிறேன். "ரெண்டே பேர்தாம்பா," என்று சிரிக்கிறாள். தெரியும். தெரிந்தும் எண்ணுகிறேன். அவர்கள் இரண்டு பேர் இருக்கும்போதே மூன்றாவதாக யாரையோ காணோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷத்தில் அது குறையவில்லை.

நெருப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை. கையில் கட்டோடு பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். ரிஜிஸ்டரை விரித்துப் பெயர் படித்தேன். நான்காவது பெயர், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுடையது. பதில் வரவில்லை. பழக்கத்தில் பேனா கோட்டுக்கு இறங்கியது.

முதல் பெஞ்சில் மகள் எழுந்து நின்றாள். யாரும் எழச் சொல்லவில்லை. திரும்பி, வகுப்பு முழுவதையும் ஒரு பெஞ்சு விடாமல் பார்த்தாள். அந்தப் பெண்ணைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் பார்த்து முடிக்கும்வரை பேனாவைக் காகிதத்தில் படாமல் பிடித்திருந்தேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையாட்டினாள்.

சுழி போட்டேன். ஐந்தாவது பெயரைப் படித்தேன். அவள் உட்காரவில்லை.